மண்டூக மாமுனி சரித்திரம்



செல்லூர் மக்கள் சித்திரா பௌர்ணமிக்கு முதல் இரவு சரியாகத் தூங்குவதில்லை. கைத்தறித் தெருக்களில் இருந்தும், கண்மாய்க் கரையில் இருந்தும், திருவாப்புடையார் கோயில் பக்கத்தில் இருந்தும் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டு, இருட்டோடு இருட்டாக ஆழ்வார்புரத்து ஆற்றங்கரைக்கு வந்துவிடுவார்கள். விடியும் நேரத்தில் தங்கக்குதிரை மேல் அழகர் வைகையில் இறங்குவார். அவர் எதற்காக அத்தனை தூரம் வருகிறார் என்று குழந்தை கேட்டால், தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்கு வந்தார், வருவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது, கோபித்துக்கொண்டு ஆற்றோடு வண்டியூருக்குத் திரும்பிவிட்டார் என்று பாட்டி சொல்லுவாள். அது மக்கள் அன்பாலே உண்டான கதை. அழகர்மலைத் தலபுராணம் சொல்லும் காரணம் வேறு. தவளையாய்க் கிடந்த ஒரு முனிவரைக் கரையேற்றுவதற்காகவே அவர் வருகிறார். மண்டூக மாமுனி என்று இன்று பேர் விளங்கும் அந்த முனிவரின் சரித்திரம் இது.

அவருடைய முதற்பேர் சுதபஸ். நல்ல தவசை உடையவர் என்று பொருள். பாகவதத்திலும் சுதபஸ் என்று ஒருவர் உண்டு. அவர் பிருசினியின் கணவர், பின்னொரு பிறவியில் வசுதேவராகி, தேவகி வயிற்றில் கண்ணபிரான் பிறக்கத் தகப்பனாய் நின்றவர். பேர் ஒன்றானாலும் இவர் வேறு, அவர் வேறு. நம்முடைய முனிவர் மதுரைச் சீமையைச் சேர்ந்த தவசி. மக்கள் சொல்லிவரும் கதையில் இவருடைய குலத்துக்கும் கோத்திரத்துக்கும் இடமில்லை. மலையும், சுனையும், தவசும்தான் வருகின்றன.

மதுரையில் இருந்து வடக்கே 21 கிலோமீட்டர் தொலைவில் அழகர்மலை இருக்கிறது. அதற்கு இடபகிரி என்று ஒரு பேர் உண்டு. தர்மதேவதையான எமதர்மர் இடப வடிவம் கொண்டு அங்கே தவசு செய்தார் என்றும், அவருக்காகவே திருமால் அழகர் என்னும் கோலத்தில் அங்கே எழுந்தருளினார் என்றும் சொல்லுவார்கள். உயிர்களைக் கணக்குப் பார்த்துப் பிரிக்கிற எமனே மாட்டு உருவில் நின்று தவம் கிடந்த மலை என்றால், அங்கே ஒரு முனிவர் தவளை உருவில் கிடந்தது ஒரு குறைவல்ல என்று முதலிலேயே மனதில் கொள்ளவேண்டும்.

அந்த மலைமேல் நூபுரகங்கை என்னும் சுனை உண்டு. நூபுரம் என்றால் சிலம்பு. திருமால் உலகளந்தபோது மேலே தூக்கிய திருவடியைப் பிரம்மதேவர் நீர்வார்த்துக் கழுவினார். அந்த நீர் சிலம்பில் பட்டுச் சிதறி இந்த மலையில் விழுந்தது. அதனாலே சிலம்பாறு என்று பேர் வந்தது. இன்றைக்கும் அழகருக்குத் திருமஞ்சனம் இந்தத் தண்ணீரில்தான். வேறு தண்ணீரில் நீராட்டினால் திருமேனி கறுத்துப்போகும் என்று கோயிலார் கண்டிப்பாய் இருப்பார்கள். ஐப்பசி மாதம் எண்ணெய்க்காப்புக்கு அவரே மலை ஏறிச் சுனைக்குப் போவதும் உண்டு. சுனையைக் காத்துக்கொண்டு இராக்காயி அம்மன் அங்கே இருக்கிறாள்.

சுதபஸ் முனிவர் அந்தச் சுனைக் கரையைத் தமக்கு வீடாக்கிக் கொண்டார். துவையல் தவசு செய்த நம் முன்னோர் கடற்கரையில் நாளும் குளித்துத் துவைத்து இருந்ததை அன்புக்கொடி மக்கள் அறிவார்கள். நீரையே தவசுக்குத் துணையாகக் கொள்ளும் வழி பழைய வழிதான். முனிவர் விடியுமுன் சுனையில் இறங்குவார். கழுத்தளவு நீரில் நின்று மூச்சை அடக்குவார். நாராயணரை மனதில் இருத்தி மெல்ல மெல்ல நீருக்குள்ளே அமிழ்ந்துவிடுவார். வெளியிலே பொழுது ஏறுவதும், குரங்குகள் மரத்துக்கு மரம் தாவுவதும், யாத்திரைக்காரர் வந்து போவதும் அவருக்குத் தெரியாது. எத்தனை காலம் இப்படி நடந்தது என்பதற்குக் கணக்கில்லை.

ஒருநாள் துருவாச முனிவர் தம் சீடர்களோடு அந்த மலைக்கு வந்தார். துருவாசர் அத்திரி முனிவருக்கும் அனசூயை அம்மைக்கும் பிள்ளை. உருத்திர அம்சத்தில் பிறந்தவர். அவருடைய தவத்துக்கு எவ்வளவு பெருமையோ, கோபத்துக்கும் அவ்வளவு பேர் உண்டு. தாம் தந்த மாலையை இந்திரன் யானைமேல் போட, யானை அதைக் காலில் மிதித்ததற்காகத் தேவலோகத்துச் செல்வம் முழுவதும் அழியச் சபித்தவர் அவர். அதனால்தான் பாற்கடலைக் கடையவேண்டி வந்தது. காளிதாசர் நாடகத்தில், கணவனை நினைத்து மெய்ம்மறந்து உட்கார்ந்திருந்த சகுந்தலை, வாசலில் வந்து நின்ற துருவாசரைக் கவனியாமல் போனதற்காக அடைந்த துன்பம் ஊரறிந்தது.

அப்பேர்ப்பட்டவர் சுனைக்கரையில் வந்து நின்றார். பெரியோர் வந்தால் எழுந்து வந்து கால்கழுவ நீர் தந்து உபசரிக்க வேண்டியது முறை. சுதபஸ் நீருக்குள் இருந்தார். துருவாசர் சற்று நேரம் பார்த்தார். உள்ளே ஒருவன் இருக்கிறான் என்பது தெரிகிறது. எழுந்து வருகிற வழியைக் காணோம். வேண்டுமென்றே அவமதிக்கிறான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கோபம் வந்தவருக்கு அடுத்தவர் மூச்சடக்கி இருக்கிறாரா, முகம் திருப்பி இருக்கிறாரா என்று பிரித்துப் பார்க்கப் பொறுமை ஏது? நீருக்குள்ளேயே முங்கிக் கிடக்கிறவன் நீருக்குள்ளேயே முங்கிக் கிடக்கும் தவளையாகப் போகட்டும் என்று சாபமிட்டார். மண்டூகம் என்றால் தவளை. அந்தச் சொல்லே பின்னாளில் முனிவருக்குப் பேராயிற்று.

சாபச் சொல் காதில் விழுந்த பின்தான் சுதபஸ் கண் திறந்தார். கரையில் நிற்பவர் யாரென்று கண்டார். ஏறிவந்து அடிபணிந்தார். தாம் தவசில் இருந்தது உண்மை என்று வாதாடவில்லை. தமக்கும் தவவலிமை இருக்க, எதிர்ச்சாபம் கொடுக்க நினைக்கவில்லை. தெரியாமல் நடந்த பிழை என்று மட்டும் சொல்லி, இந்த உருவம் நீங்குவது எப்போது என்று கேட்டார். துருவாசருக்குக் கோபம் எவ்வளவு வேகமாய் வருமோ அவ்வளவு வேகமாய்த் தணியும். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க அவராலும் ஆகாது. ஆகவே விமோசனத்துக்கு ஒரு வழி சொன்னார். மலையை விட்டு இறங்கி, வேகவதி ஆற்றங்கரைக்குப் போய்த் தவசு செய்யவேண்டும்; சித்திரா பௌர்ணமிக்கு மறுநாள் அழகரே அங்கே எழுந்தருளி வந்து சாபம் தீர்ப்பார் என்றார்.

நாராயணரையே நினைத்துக்கொண்டு இருந்தவருக்கு அந்த நினைப்பே குற்றமாகிப் போனது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். இதற்கு ஒப்பான ஒரு கதை பாகவதத்தில் இருக்கிறது. பாண்டிய நாட்டு மன்னன் இந்திரத்துய்மன் மௌன விரதம் பூண்டு பூசையில் இருந்தபோது அகத்தியர் வந்தார். மன்னன் எழுந்து வரவேற்கவில்லை. யானையாகப் போகுமாறு அகத்தியர் சபித்தார். அந்த யானைதான் கசேந்திரன். முதலை காலைப் பிடித்தபோது ஆதிமூலத்தைக் கூப்பிட்டு, கருடன் மேல் வந்த திருமாலால் கரையேறியவன். சுதபஸ் முனிவருக்கு நடந்ததும் அப்படியே. இரண்டு பேரும் செய்தது ஒரே பிழை. இரண்டு பேரும் விலங்கு உருவம் அடைந்தார்கள். இரண்டு பேருக்கும் நீர்க்கரையில் விடுதலை.

ஆனால் அம்பரீச மன்னன் கதையை எடுத்துக்கொண்டால் வேறு மாதிரி நடந்திருக்கிறது. ஏகாதசி விரதம் முடித்துப் பாரணை செய்யவேண்டிய நேரத்தில், விருந்தாளியாய் வந்த துருவாசர் யமுனைக்கு நீராடப் போனார். நீரில் இறங்கியவர் நேரத்துக்குத் திரும்பவில்லை. விரத நாழிகை தப்பிப்போகாமல் இருக்க அம்பரீசன் தண்ணீர் மட்டும் அருந்தினான். அதற்கே அவர் கோபம் கொண்டு மன்னனைக் கொல்ல ஒரு பூதத்தை ஏவ, திருமாலின் சக்கரம் கிளம்பி அவரை மூன்று உலகத்திலும் துரத்தியது. நீராடலில் தாமதித்த துருவாசரே, நீராடலில் தாமதித்த சுதபஸ் முனிவரைச் சபித்தார் என்பது இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது விளங்கும்.

அங்கே சக்கரத்தை அனுப்பிய திருமால் இங்கே ஏன் அனுப்பவில்லை? அம்பரீசனைக் காப்பாற்ற ஒரு நொடி தாமதித்தாலும் உயிர் போய்விடும். இங்கே உயிர் போகவில்லை, உருவம்தான் போயிற்று. உருவம் போனாலும் தவசு போகாது என்பதை அந்த முனிவர் மூலமாகவே காட்டத் திருவுளம் கொண்டார் என்று பெரியோர் கருதுவது பொருத்தமாகத்தான் இருக்கிறது. துருவாசரைத் துரத்தச் சக்கரத்தை விட்டவர், தவளையைத் தேடித் தாமே வந்தார் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

முனிவர் தவளையானார். திருமாலின் சிலம்பு நீரில் இருந்தவர் அதை விட்டு இறங்கினார். மலைச்சுனையை விட்டுச் சமவெளிக்கு வருவது ஒரு தவளைக்குச் சின்னப் பயணமல்ல. மதுரை வட்டாரத்து நிலம் அறிந்தவர்களுக்கு அது புரியும். அழகர்மலை அடிவாரத்தில் இருந்து வைகை வரைக்கும் கண்மாய்க்கு அடுத்துக் கண்மாய், வயலுக்கு அடுத்து வயல்; நடுவிலே வெயில் காயும் செம்மண் பொட்டல். பகலில் நாரைக்கும் கொக்குக்கும், இரவில் பாம்புக்கும் தப்பவேண்டும். நேற்று வரை இந்திரனும் வணங்கத்தக்க தவசி. இன்றைக்கு வாய்க்கால் கரையில் வருகிறவன் போகிறவன் காலுக்கு ஒதுங்கிப் பிழைக்கிற சீவன். அவமானத்தைச் சொன்னால் வாய் இருக்கவேண்டும், அதுவும் இல்லை. கத்தினால் தவளைக் கத்தல்.

அவர் வந்துசேர்ந்த வேகவதி என்பது நம்முடைய வைகைதான். வருசநாட்டு மலையில் பிறந்து, மதுரையைத் தொட்டுக்கொண்டு, இராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் அடங்குகிற ஆறு. வெள்ளம் வந்தால் வேகமாய் வரும், அதனால் வேகவதி. மீனாட்சி கல்யாணத்தில் குண்டோதரன் தாகம் தீரச் சிவனார் வரவழைத்த ஆறு என்று திருவிளையாடல் சொல்லும். திராவிட நாட்டு மன்னன் சத்தியவிரதன் கிருதமாலை ஆற்றில் நீர்க்கடன் செய்தபோது, அவன் கையில் அள்ளிய நீரில் ஒரு சின்ன மீன் வந்தது. திருமாலே மச்ச வடிவில் வந்தார் என்று பாகவதம் சொல்லும். அந்தக் கிருதமாலை மதுரைப் பக்கத்து ஆறுதான் என்பது இந்த ஊர் மக்களின் நம்பிக்கை. கிருதுமால் என்ற பேரில் ஒரு நதி நகரத்துக்குள்ளே இன்றும் உண்டு. திருமால் மீனாய் வந்த நீரில் அவர் அடியார் தவளையாய் வந்து கிடந்தார்.

வைகைக் கரையில் மண்டூக முனிவர் தவசைத் தொடர்ந்தார். மழைக்காலத்தில் தவளை கத்துவதைச் செல்லூர்க் கண்மாய்ப் பக்கம் இருப்பவர்கள் அறிவார்கள். கண்மாய் நிறைந்து மறுகால் பந்தல்குடி வாய்க்கால் வழியாய் வைகைக்கு ஓடும் நாளில் இரவெல்லாம் அந்தச் சத்தம்தான். ஆனால் கோடை வந்தால் தவளையைக் காண முடியாது. சேறு காய்ந்து வெடிக்குமுன் மண்ணுக்குள் இறங்கிவிடும். உணவில்லை, அசைவில்லை, மூச்சும் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். அடுத்த மழை வரும்வரை அப்படியே கிடக்கும். யோகிகள் பல காலம் பழகி அடைகிற நிலை தவளைக்குப் பிறவியிலேயே வாய்த்திருக்கிறது. தண்டனையாய்க் கொடுத்த உருவத்துக்குள்ளேயே தவசுக்கு வேண்டிய வசதியும் அமைந்திருந்தது. அய்யா 1008-ம் ஆண்டு மாசி மாதம் திருச்செந்தூர்க் கடலில் இருந்து எழுந்தருளிய பின், பூவண்டன் தோப்பில் செய்த ஆறு வருடத் தவசில் முதல் இரண்டு வருடமும் ஆறடிக் குழிக்குள் இருந்ததை நினைக்கும் அன்புக்கொடி மக்களுக்கு, மண்ணுக்குள் கிடந்து செய்யும் தவசின் அருமை விளக்காமலே விளங்கும்.

அதனால்தான் துருவாசர் குறித்த நாள் சித்திரையில் அமைந்தது என்று எண்ண இடமிருக்கிறது. சித்திரை, வைகையில் மணல் சுடுகிற மாதம். தவளை மேலே வராத மாதம். மழையை நம்பிய சீவன்கள் எல்லாம் நம்பிக்கை அற்றுக் கிடக்கிற காலத்தில் அழகர் மலையை விட்டு இறங்கினார்.

பௌர்ணமிக்கு மறுநாள் அவர் வைகைக் கரைக்கு வந்து கருடன் மேல் காட்சி கொடுத்தார். தவளை உருவம் நீங்கியது. சுதபஸ் முனிவர் பழைய திருமேனியோடு எழுந்து நின்றார். நீருக்குள் மூச்சடக்கி மனக்கண்ணில் மட்டும் கண்டிருந்தவரைக் கண்ணெதிரே கண்டார். மலைச்சுனைக்குத் திரும்பிப் போகவேண்டும் என்று கேட்கவில்லை. சாபமிட்டவரைப் பற்றி ஒரு சொல்லும் முறையிடவில்லை. மோட்சம் அளித்து அழகர் மலைக்குத் திரும்பினார். முனிவரின் சரித்திரம் அங்கே முடிகிறது. ஆனால் அழகர் வருவது முடியவில்லை. ஒருமுறை வந்தது போதாதென்று ஆண்டுதோறும் அதே தவளைக்காக வந்துகொண்டிருக்கிறார்.

முற்காலத்தில் இந்தத் திருவிழா மதுரைக்குள் நடக்கவில்லை. மதுரைக்கு மேற்கே, சோழவந்தான் போகும் வழியில், வைகைக் கரையில் தேனூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கேதான் அழகர் ஆற்றில் இறங்குவார். மலையில் இருந்து தேனூர் போகும் வழியில் அலங்காரம் செய்துகொண்ட ஊர் அலங்காரநல்லூர். அதுவே இன்றைய அலங்காநல்லூர் என்பர். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்தில், மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணம் சித்திரைக்கு மாற்றப்பட்டு, தேனூர்த் திருவிழாவும் மதுரைக்குக் கொண்டுவரப்பட்டது. இரண்டு கோயில் திருவிழாக்களும் ஒன்றாக, ஊரெல்லாம் ஒரே கூட்டமாயிற்று. தங்கச்சி கல்யாணக் கதைக்கு இடம் கிடைத்ததும் அதனால்தான்.

தங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த சாமி பெரிய நகரத்துக்குப் போய்விட்டால் ஒரு கிராமத்துக்கு எப்படி இருக்கும்? தேனூர் மக்களின் மனவருத்தம் பெரிதாகத்தான் இருந்திருக்கும். வண்டியூரில் வைகை ஆற்றுக்குள் அவர்கள் பேரிலேயே தேனூர் மண்டபம் எழுந்தது. மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்கும் சடங்கு இன்றும் அங்கேதான் நடக்கிறது. அழகர் இடம் மாறினாலும் தவளை முனிவர் தேனூராரை விட்டுப் போகவில்லை என்று சொல்லலாம்.

இன்றைய வழியையும் சொல்லவேண்டும். பதினெட்டாம்படிக் கருப்பசாமியிடம் விடைபெற்று, கள்ளர் கோலத்தில் கையில் வளரித்தடியோடு அழகர் புறப்படுவார். வழிநெடுக மண்டபங்களில் தங்கித் தங்கி வருவார். மூன்றுமாவடியில் மதுரை மக்கள் எதிர்சேவை செய்வார்கள். தல்லாகுளத்தில், திருவில்லிபுத்தூரில் இருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூடுவார். பௌர்ணமி விடியலில் ஆற்றில் இறங்குவார். 1959-ல் வைகை அணை வந்த பிறகு, அணையில் இருந்து திறந்துவிடுகிற தண்ணீர்தான் பல ஆண்டுகளில் அந்த நாளுக்கு ஆற்றை நனைக்கிறது. இராமராயர் மண்டபத்தில், வேடம் பூண்ட பக்தர்கள் தோல்பையில் நிறைத்த தண்ணீரைப் பீய்ச்சி வெயிலில் வந்தவரைக் குளிரச் செய்வார்கள். இரவு வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் தங்கல்.

மறுநாள் தேனூர் மண்டபம். அழகர் கருட வாகனத்தில் எழுந்தருளுவார். மண்டபத்தருகே நீரில் மண்டூக முனிவரின் உருவத்தை வைத்திருப்பார்கள். ஒரு நாரையை அங்கே பறக்கவிடுவார்கள். தவளையைக் கொத்தித் தின்னுகிற பறவையே அந்தத் தவளையின் விடுதலைக்குச் சாட்சியாய்ப் பறப்பது பார்க்கிறவர்களைச் சற்று யோசிக்க வைக்கும். மதுரை மண்ணில் நாரைக்கும் ஒரு கதை உண்டு. பொற்றாமரைக் குளத்தில் மீன் தின்னுவதை விட்டுவிட்ட நாரைக்குச் சொக்கநாதர் முத்தி கொடுத்தார் என்று திருவிளையாடலில் இருக்கிறது. அந்தக் குளத்தில் மீன் இல்லாமல் போனதும் அந்த நாரை கேட்ட வரத்தாலேதான் என்பார்கள். தின்னுகிற நாரையும், தின்னப்படுகிற தவளையும் ஒரே ஊரில் கரையேறியிருக்கிறார்கள்.

மோட்சம் கொடுத்த பின் அழகர் உடனே மலைக்குத் திரும்பமாட்டார். அன்று இரவு இராமராயர் மண்டபத்தில் தசாவதாரக் கோலம் விடிய விடிய நடக்கும். சத்தியவிரதன் கையில் வந்த மச்சக் கோலம்தான் முதலில். செல்லூர்ப் பெண்கள் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கோலமும் மாறும்வரை நின்று பார்ப்பார்கள். பிறகு தல்லாகுளத்தில் பூப்பல்லக்கு. பூப்பல்லக்கு முடிந்தால், வந்த வழியே, வழியில் நின்ற மண்டபங்களில் எல்லாம் மறுபடி நின்று, அழகர் மலைக்குப் போய்ச் சேருவார். ஆற்று மணலில் தேங்கிய தண்ணீர் இரண்டொரு நாளில் வற்றும். தவளைகள் மண்ணுக்குள்ளே மழைக்குக் காத்திருக்கும்.